அம்மாவின் அளவு

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. எங்க ஊர் அம்மன் பேர் உண்ணாமுலை. சம்பந்தர் இந்த ஊரைப் பாடிய பதிகம் ஒன்று அந்தப் பேரில்தான் தொடங்குகிறது. வடமொழியில் அபீதகுசாம்பாள். அர்த்தம் அதேதான். என் வகுப்பில் மட்டும் இரண்டு உண்ணாமுலைகள். டீச்சர் அட்டெண்டன்ஸில் உரக்கக் கூப்பிடுவார். ஒருத்தரும் சிரித்ததில்லை.

ஆனால் பாருங்க, சாமி பேரில் வாய் நிறையச் சொல்லுகிற அந்த வார்த்தையை ஜவுளிக்கடையில் நின்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழும்பாது.

எனக்குப் பதிமூன்று வயது. தேரடித் தெருப் பக்கம் ஒரு கடைக்கு அம்மா கூட்டிப் போனாள். கூட்டம் குறைகிறவரை புடவையைப் புரட்டுகிற மாதிரி நின்றாள். பிறகு மெதுவாக, “அது குடுங்க” என்றாள்.

“எது?”

“பாடி.”

“யாருக்கு?”

அம்மா கண்ணால் என்னைக் காட்டினாள். கடைக்காரர் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். “முப்பத்திரண்டு” என்று டப்பாவை இறக்கினார். டேப் கிடையாது, கேள்வி கிடையாது. பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி கையில் கொடுத்தார். அந்த ஒரு பார்வையில் தீர்மானமான அளவைத்தான் கல்யாணம் வரைக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்களும் அப்படித்தானே? உண்மையைச் சொல்லுங்க.

இது என் கதை இல்லை, அம்மாவின் கதை.

அம்மா பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவள். 14 கிலோமீட்டரும் வெறுங்காலோடு. அவளுக்கு 63 வயதானபோது ஒரு பௌர்ணமிக்கு நிருதி லிங்கத்தோடு ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டாள். “கால் நல்லாத்தான் இருக்கு. தோளும் கழுத்தும் முடியலடி.” எக்ஸ்ரே எடுத்தோம். வயசுக்கு ஏற்ற தேய்மானம்தான் என்றார் டாக்டர். அடுத்த இரண்டு பௌர்ணமிக்கும் வாசலில் உட்கார்ந்து, போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஒருநாள் தைலம் தேய்க்கிறேன் என்று ரவிக்கையை இறக்கச் சொன்னேன். இரண்டு தோளிலும் பட்டி பதிந்து பள்ளம். விரலை வைத்தால் உள்ளே உட்காருகிறது. மார்புக்கு அடியில் வேர்த்து வேர்த்துப் புண்ணாகிக் கறுத்திருந்தது. “இதெல்லாம் எப்பவும் இருக்கிறதுதானே” என்றாள், சாதாரணமாக.

தையல் டேப்பை எடுத்தேன். அம்மா கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், சுவரில் இருந்த ரமணர் காலண்டருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

இனி நீங்களும் கவனிங்க. எடுக்க வேண்டியது இரண்டே அளவு. மார்புக்குக் கீழே, விலா எலும்பின் மேல் டேப்பை இறுக்கமாகச் சுற்றி எடுப்பது ஒன்று. அம்மாவுக்கு 35½ அங்குலம். இரட்டைப்படையாக்கி 36 என்று வைத்துக்கொண்டேன். மார்பின் எடுப்பான பகுதியில் டேப்பை இறுக்காமல் எடுப்பது இன்னொன்று. அது 40. இரண்டுக்கும் வித்தியாசம் 4. ஒரு அங்குல வித்தியாசம் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நாலு டி. ஆக, அம்மா 36டி.

“டி-யா! அது குண்டா இருக்கிறவங்களுக்கு இல்ல?”

நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறோம். ஏ, பி, சி, டி என்பது பருமன் இல்லை, வித்தியாசம். 1932-ல் எஸ்.எச். கேம்ப் என்ற அமெரிக்க கம்பெனி கொண்டுவந்த எழுத்துக் கணக்கு. அம்மா போட்டிருந்ததைத் திருப்பிப் பார்த்தேன். 40பி. வேடிக்கை என்னவென்றால் 40பி, 38சி, 36டி மூன்றுக்கும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். சுற்றுப்பட்டிதான் வேறு. பாரத்தைத் தாங்க வேண்டியது அந்த அடிப்பட்டி. அது தொளதொளவென்று முதுகில் மேலே ஏறிக்கொண்டதால் மொத்த பாரமும் தோள் பட்டியில் தொங்கியிருக்கிறது. இறுக்கம் போதாமல் அம்மா தோள் பட்டியையே இழுத்து இழுத்துச் சுருக்கியிருக்கிறாள். பள்ளம் விழாமல் என்ன செய்யும்?

சில கம்பெனிகள் அடிச்சுற்றளவோடு நாலு, அஞ்சு அங்குலம் கூட்டச் சொல்லும். அதனால் டேப் சொல்வதை வேதவாக்காக எடுக்காமல், போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்க. பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்கணும். அதற்குள் இரண்டு விரல் நுழையணும், கை நுழையக் கூடாது. கையைத் தூக்கினால் மேலே ஏறக் கூடாது. கப்பில் பிதுங்கவும் கூடாது, சுருங்கவும் கூடாது. புதுசை எப்போதும் கடைசிக் கொக்கியில், அதாவது தளர்வான கொக்கியில் போட்டுத்தான் வாங்கணும். எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிக்குப் போகலாம். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல இருப்பது அபூர்வம். பெரிய பக்கத்துக்கே வாங்குங்க.

அப்புறம் வடிவம். அம்மா மாதிரி கனத்துச் சரிந்தவர்களுக்கு முழுசாக மூடுகிற கப், அகலப் பட்டி, பக்கவாட்டில் தாங்குகிற துணி, கம்பி இல்லாத காட்டன். மேல்பக்கம் நிறைவு இல்லாதவர்கள் முழு கப் போட்டால் மேலே காற்றுதான் இருக்கும். அவர்களுக்குக் கழுத்து இறங்கிய அரைக் கப் பொருந்தும். பேட் வைத்தது நன்றாக இருக்கிறது என்று கனத்த உடம்புக்காரர்கள் வாங்கினால் வேர்வைதான் மிச்சம்.

எங்க ஊரில் நான் ஏறிய கடைகளில் 36டி இல்லை. “அதெல்லாம் மூவ் ஆகாது மேடம்” என்றார்கள். கேட்க வெட்கப்பட்டால் எப்படி மூவ் ஆகும்? மேலாடை போடுகிற உரிமைக்கே குமரிப் பக்கத்துப் பெண்கள் அடிபட்டு உதைபட்டுப் போராடி, 1859-ல்தான் திருவிதாங்கூர் ராஜா உத்தரவு வாங்கினார்கள். நமக்கு அளவு கேட்கக் கூச்சம்! கடைசியில் சென்னையில், போட்டுப் பார்க்க அறை இருந்த கடையில், விற்கிற பெண்ணே அளந்து கொடுத்தாள்.

கழுத்து வலி முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் மாதப் பௌர்ணமிக்கு அம்மா எட்டு லிங்கத்தையும் சுற்றினாள். ஈசான்ய லிங்கத்துப் பக்கம் மூச்சு வாங்க உட்கார்ந்தவள் சொன்னாள்: “பாரத்தையெல்லாம் அண்ணாமலையார் மேல போட்டுட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன்டி. எல்லாம் என் தோள் மேலதான் இருந்திருக்கு.”

எனக்குப் பேச்சு வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் சுமந்தவள். ஒரு தையல் டேப் செய்கிற வேலையை ஒருத்தரும் செய்யவில்லை, நான் உட்பட.

மறுநாள் காலையில் மொட்டைமாடிக் கொடியைப் பார்த்தேன். எப்போதும் பாவாடைக்கு அடியில் ஒளிந்து ஈரத்தோடு காய்கிற அது, பாதி வெளியே தெரிய வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. பாதிதான். போகட்டும், அர்த்தநாரீஸ்வரர் ஊர் இல்லையா!