யாபேஸ் என்னும் பெயர்

தாயின் நோவைப் பிள்ளைக்குப் பெயராகச் சூட்டலாமோ? யாபேஸ் என்னும் எபிரேயப் பெயரை நண்பரொருவர் தம் மகனுக்குத் தேர்ந்தபோது, அவ்வீட்டு முதியோர் எழுப்பிய வினா இது. வினா நியாயமே. பழைய ஏற்பாட்டின் முதலாம் நாளாகமத்தில், வேதனையுற்று ஈன்றதனால் தாய் இட்ட பெயரே அது. ஆயினும், எபிரேயத்தில் நோவைக் குறிக்கும் சொல்லின் எழுத்துக்கள் இப்பெயரில் இடம்மாறி நிற்கின்றன. அத்தாய் நோவை நினைத்தாளேயன்றி அதையே மகன் தலையில் ஏற்றவில்லை என்றே யான் கொள்வேன். அவனும், தீங்கு தன்னை வருத்தாதிருக்க வேண்டினான், வேண்டியது பெற்றான். அவன் சரிதம் இரண்டே வசனங்கள்!

ஆங்கிலேயர் இதனை ஜேபெஸ் என்பர். அவரிடையே அருகிப்போன இப்பெயரை, 2000-இல் புரூஸ் வில்கின்சன் அவ்வேண்டுதலைப் பற்றி எழுதிய சிறுநூல் மீண்டும் பலர் நாவில் வைத்தது. தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களிலும் யாபேஸ்கள் உண்டு. பெயரே நற்பேறு தருமென்போர் ஜேபெஸ் பால்பரையும் நினைப்பாராக: 1892-இல் அவரது கட்டட நிதிச் சங்கம் முறிந்து பல்லாயிரவர் சேமிப்பு அழிய, அவர் அர்ஜென்டீனாவுக்கு ஓடினார்.