அஞ்சு மணிக்குப் பிரஷ் கழுவணும்

சிம்போசியம் முடிஞ்ச மறுநாள் எந்தக் கல்லூரிக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. பேனர் எழுதின பிரஷ் எல்லாம் பெயிண்ட் டப்பாவுக்குள்ளேயே தலைகீழா நின்னு கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். எனக்கு வயிறு எரியும். எங்க வீட்டுக்குச் சோறு போடுறது பிரஷ்தான். அப்பா பெயிண்டர். தினக்கூலி, பிரஷ் அவரோட கைக்காசு.

அவர்கிட்ட ஒரு நாலு இஞ்ச் பிரஷ் இருக்கு. நான் ப்ளஸ் டூ படிக்கும்போது வாங்கினது. இப்போ நான் கெமிக்கல் மூணாவது வருஷம். முடி கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

பிரஷ் கெடுறது அடியிலதான். முடியும் தகரப் பட்டையும் சேர்ற இடத்தில் பெயிண்ட் புகுந்து காய்ஞ்சா, முடி விரிஞ்சு துடைப்பமாயிடும். அதனால அப்பா பாதி முடிக்கு மேல பெயிண்டில் முக்கவே மாட்டார். கழுவும்போதும் அடிமுடியைத்தான் விரலால் பிசைவார்.

எமல்ஷனுக்குத் தண்ணி போதும், ஆனா உடனே கழுவணும். தண்ணி வற்றினதும் அதிலிருக்கிற பாலிமர் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படலமாயிடும். அப்புறம் எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் பிரியாது. எனாமலுக்கு முதல்ல டர்பன்டைன், பிறகு சோப்பு. அழுக்கான டர்பன்டைனை மூடி வச்சா கலர் அடியில் தங்கிடும். மேலே தெளிஞ்சதை அடுத்த தடவைக்கு எடுத்துப்பார்.

மறுநாளும் அதே எனாமல், அதே கலர்னா கழுவவே மாட்டார். கைப்பிடி ஓட்டையில் கம்பி கோத்து, டப்பா மேல குறுக்கே வச்சு, முடி மட்டும் மூழ்குற மாதிரி தண்ணியில் தொங்கவிடுவார். நுனி அடியைத் தொடக் கூடாது, வளைஞ்சிடும். எனாமல் காய ஆக்சிஜன் வேணும், தண்ணி அதைத் தடுத்துடுது. எட்டாவது வரை படிச்சவர் இதைச் செய்றார், நான் இதுக்கு செமஸ்டர் எழுதுறேன்!

இதுக்கெல்லாம் சாயங்காலம் இருபது நிமிஷம் வேணும். சண்டையே அங்கதான். போன லீவில் நானும் கூட வேலைக்குப் போயிருந்தேன். "அஞ்சரை வரைக்கும் கூலி பேசிட்டு அஞ்சு பத்துக்கே கை கழுவுறியே"ன்னு வீட்டுக்காரர் கேட்டார். அப்பாவை விட வயசில் சின்னவர். அப்பா பேசலை. "கை இல்ல சார், பிரஷ் கழுவுறார்"னு நான் சொன்னேன். அப்பா என்னை முறைச்சார். அன்னிக்குக் கூலியில் ஐம்பது ரூபா பிடிச்சுட்டாங்க.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், "ஏம்ப்பா சும்மா இருந்தீங்க?"

"ஐம்பது போனா போகுதுடா. பிரஷ் போனா நாளைக்கு எதை வச்சு அடிக்கிறது?"

வீட்டுக்கு வந்ததும் ஈர முடியை விரலால் நீவி, பழைய பேப்பரில் சுத்தி, ஆணியில் மாட்டினார். அப்புறம்தான் சட்டையைக் கழட்டினார்.