பொகவந்தலாவைத் திருச்சபையும் கொள்ளைநோயும்

ஹற்றன் நகரை விட்டு டிக்கோயா, நோர்வூட் வழியாகத் தென்கிழக்கே செல்லும் பாதை வளைந்து வளைந்து ஏறி, நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஒரு பரந்த பள்ளத்தாக்கை அடைகிறது. நாற்புறமும் தேயிலை, நடுவே கெசல்கமு ஓயா, அதன் கரையில் ஒரு சிறு கடைவீதி. இதுவே பொகவந்தலாவை. இங்கு விளையும் தேயிலையின் சிறப்பினால் 'தங்கப் பள்ளத்தாக்கு' என்றும் இதனை அழைப்பர். கோயில் மணியும், பள்ளிவாசலின் பாங்கும், விகாரையின் பிரித்தும், தேவாலயத்தின் பாடலும் ஒரே காற்றில் கலக்கும் மலைநாட்டு ஊர்களில் இதுவும் ஒன்று.

மலைநாட்டுத் தமிழரில் பெரும்பாலோர் சைவர்கள். கிறிஸ்தவர்கள் சிறு தொகையினரே. ஆயினும் அவர்களது சபை வாழ்வுக்கு நீண்ட வரலாறு உண்டு. கோப்பிக் காலத்திலேயே, 1850-களில், தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்வதற்கெனத் தனி மிஷன் ஒன்று தொடங்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசியார்கள் வந்தனர். தோட்டந் தோட்டமாக நடந்து, லயத்து வாசலிலும் மரத்தடியிலும் மக்களைக் கூட்டி அவர்கள் செபம் நடத்தினர். கட்டடம் பின்னர் வந்தது. கூட்டமே முன்னர் வந்தது. இந்த உண்மையை வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் நலம்.

கொள்ளைநோயும் இம்மக்களுக்குப் புதியதன்று. கடல் கடந்து வந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களில் வாந்திபேதிக்குப் பலியானோர் பலர். பிற்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே கப்பலேற்றினர். 1918-இல் உலகைச் சூறையாடிய இன்புளுவென்சா சுரமும் தோட்டங்களை விட்டுவைக்கவில்லை. 'தனிமைப்படுத்தல்' என்ற சொல் 2020-இல் செய்தித்தாள்களில் நிறைந்தபோது நகரத்தார் அதனைப் புதுமையாகக் கண்டனர். தோட்டத்து மக்களுக்கோ அது பாட்டனார் காலத்துப் பழங்கதை.

அவ்வாண்டு மார்ச் 11-ஆம் நாள் இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலாகக் கொரோனாத் தொற்று இருப்பது அறியப்பட்டது. 20-ஆம் நாள் மாலை நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அது தவக்காலம். குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஏப்ரல் 12-ஆம் நாளில் வந்த உயிர்ப்பு ஞாயிறு ஆகிய எல்லாமே மூடிய கதவுகளுக்குள் கழிந்தன. முந்திய ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த துயரம் ஆறுமுன்னரே, இரண்டாம் ஆண்டும் திருநாள் துக்கநாளாயிற்று.

ஆனால் தேயிலை காத்திருக்காது. கொழுந்தை உரிய நாளிற் பறிக்காவிடின் அது முற்றிப் பயனற்றுப் போகும். ஆகவே ஊரடங்கினிடையேயும் தோட்ட வேலைக்கு அரசாங்கம் அனுமதி அளித்தது. காலையிற் பெரட்டு நடந்தது. பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினர். அன்று அவர்களுடைய அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த இக்கரங்கள் வாரம் முழுவதும் கூடி உழைக்கலாம். ஞாயிறன்று கூடிக் கும்பிடலாகாது! இம்முரண்பாடு பலர் உள்ளத்தையும் உறுத்தியிருத்தல் இயல்பே.

எனினும், தேவாலயங்களை மூடியது தவறென்று நாம் கூறவில்லை. மூடிய அறையில் பலர் ஒன்றுகூடி வாய்விட்டுப் பாடுவது இந்நோய் பரவுதற்கு மிக ஏற்ற வழி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10-ஆம் நாள் ஒரு பாடகர் குழுவினர் 61 பேர் கூடிப் பயிற்சி செய்தனர். அவர்களுள் 53 பேர் நோயுற்றனர், இருவர் மாண்டனர். திறந்த மலைச்சரிவில் ஆளுக்கொரு நிரையாக நின்று கொழுந்து பறிப்பதையும், கதவடைத்த மண்டபத்தில் தோளோடு தோள் நின்று கீர்த்தனை பாடுவதையும் நோய் ஒன்றாக எண்ணாது. இதனை அறிந்தே குருமார் சபையாரை வீட்டிலிருந்து வழிபடும்படி கேட்டுக்கொண்டனர்.

வீடு என்றதும் இங்கு ஒரு விளக்கம் வேண்டும். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராவில் ஒரு குடும்பம். சில இடங்களில் இரண்டு தலைமுறை. தண்ணீர்க் குழாய் பலருக்கும் பொது. 'ஒரு மீற்றர் இடைவெளி விடுங்கள், அடிக்கடி கை கழுவுங்கள்' என்ற அறிவுரை இங்கு வந்து சேரும்போது அதன் பொருளே மாறிவிடுகிறது. கொழும்பிலே கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்த இளைஞர்கள் வேலையிழந்து ஊர் திரும்பியபோது, அவர்களைப் பதினான்கு நாள் தனியே வைப்பதற்குத் தனியறை எங்கே? தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் ஆராதனை ஒளிபரப்பானது உண்மை. ஆனால் மலை மடிப்புகளில் அலை கிட்டுவது அரிது. பாடம் படிப்பதற்கே பிள்ளைகள் மேடேறி நின்ற காலம் அது.

இந்நிலையில் குடும்ப செபமே ஆராதனையாயிற்று. லயத்துச் சுவருக்கோ காது மட்டுமன்று, வாயும் உண்டு. ஒரு காம்பராவிற் பாடுவது அடுத்த காம்பராவிற் கேட்கும். சைவக் குடும்பத்தின் தேவாரம் இப்பக்கம் வர, கிறிஸ்தவக் குடும்பத்தின் கீர்த்தனை அப்பக்கம் போகும். ஆதித் திருச்சபையும் வீடுகளிலேதான் கூடியது. அப்போஸ்தலனாகிய பவுல் பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபத்தில், அவன் வீட்டிற் கூடும் சபைக்கும் வாழ்த்துக் கூறுகிறார். உபதேசியார்கள் லயத்து வாசலில் தொடங்கிய ஊழியம் நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் லயத்துக்கே திரும்பியது எனலாம்.

பசியும் வந்தது. நகரத்துப் பிள்ளைகள் அனுப்பிய பணம் நின்றது. பொருள்களின் விலை ஏறிற்று. நாடெங்கும் திருச்சபைகளும், காரித்தாஸ் போன்ற அவற்றின் உதவி நிறுவனங்களும், அரிசியும் பருப்பும் மாவும் அடங்கிய உலர் உணவுப் பொதிகளை வழங்கின. ஆயினும் தோட்டத்தில் முதலுதவி எப்போதும் அடுத்த காம்பராவிலிருந்தே வரும். ஒரு சுண்டு அரிசியைக் கைமாற்றாக வாங்குவதற்கு அங்கு மதம் குறுக்கே நிற்பதில்லை.

எல்லாவற்றினும் ஆழமாகப் பதிந்த காயம் மரணத்தைப் பற்றியது. தோட்டத்தில் ஒரு சாவு நேர்ந்தால் லயமே எழுந்து நிற்கும். ஆண்கள் குழி வெட்டுவர். பெண்கள் இழவு வீட்டாரோடு இரவு முழுதும் விழித்திருப்பர். கிறிஸ்தவர் தம் இறந்தோரை, உயிர்த்தெழும் நம்பிக்கையோடு, மண்ணில் அடக்கம் செய்வது வழக்கம். ஆனால் 2020 ஏப்ரல் 11-ஆம் நாள் வெளியான அரசாங்க வர்த்தமானி, கொரோனாவால் இறந்தோரின் உடல்கள் எரிக்கப்படவேண்டும் என்று கட்டாயமாக்கிற்று. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அக்கட்டளை மாறவில்லை. முஸ்லிம் மக்கள் இதனாற் பெருந்துயருற்றனர். கிறிஸ்தவர்களும் அத்துயரில் பங்காளிகளாயினர். 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் தொலைவிலுள்ள மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில். 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வந்தது, எரிந்த உடல் திரும்பவில்லை.

அடக்கத்தின் அருமையை அறியவேண்டுவோர் பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்துக்குச் செல்லவேண்டும். அங்கே ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. கல்கத்தாவில் 1815-இல் பிறந்த அவ்வம்மையார் 1879 ஜனவரி 26-ஆம் நாள் இப்பகுதியில் மறைந்தார். மறு ஆண்டு இறந்த கணவர் சார்ள்ஸ் ஹே கமரனும் அவரருகே துயில்கிறார். உலகின் பல பாகங்களிலிருந்து கலையன்பர் வந்து அக்கல்லைப் பார்த்துச் செல்கின்றனர். அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களிலே ஊர்மக்களும் தொழிலாளரும் காட்சி தருகின்றனர். அவர்களின் முகம் நமக்குக் கிடைத்தது; பெயர் கிடைக்கவில்லை. இம்மலைகளைத் திருத்திய எத்தனையோ பேர் கல்லும் எழுத்துமின்றித் தேயிலைச் செடிகளின் ஓரத்தே அடங்கிக் கிடக்கின்றனர். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லையாயினும், குழி வெட்ட வந்த அயலவரின் நினைவு இருந்தது. கொள்ளைநோய்க் காலம் பறித்தது அந்த ஒன்றைத்தான்.

இன்று தேவாலயக் கதவுகள் திறந்திருக்கின்றன. முகக்கவசமின்றிப் பாட்டும் முழங்குகிறது. ஆயினும் அக்காலம் கற்பித்த பாடத்தை நம் மாணவர்கள் மறவாதிருத்தல் வேண்டும். கதவு மூடினால் சபை கலைந்துவிடாது. பசித்தவனுக்கு ஒரு சுண்டு அரிசியும், இறந்தவனுக்கு ஒரு பிடி மண்ணும், உடன்நின்று கொடுக்க அயலார் உள்ளவரை சபை உயிரோடிருக்கும். இனியொரு கொள்ளைநோய் வருமாயின், நோயைத் தடுக்கும் சட்டங்கள் உறுதியாக இருக்கட்டும். அந்த ஒரு பிடி மண்ணை மறுக்கும் சட்டம் மட்டும் வேண்டாம்.