‘இல்லை’ என்றேன்

இதய நோய் இருக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னதை மறைத்து, பொய் சொல்லி, கனடாவுக்குப் போனேன். அந்தப் பொய்க்கு நான் விலை கொடுக்கவில்லை. என் மகனும் மருமகளும் கொடுத்தார்கள். என் மனைவி, செய்யாத குற்றத்தைத் தலையில் சுமந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே பேசாமல் கிடந்தேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லும்போது என்னையறியாமலே எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுகிறேன். அதனால் முழுவதையும் உங்களிடம் சொல்கிறேன்.

திருத்தணிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்துத் தலைமை ஆசிரியராக 2010-ல் ஓய்வு பெற்றவன் நான். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் இது. செப்டம்பர் 5 வந்தால் ஓய்வு பெற்ற ஆசிரியரையும் வீடு தேடி வந்து சால்வை போர்த்துவார்கள். கடைத்தெருவில் நடந்தால் நாலு பேராவது வண்டியை நிறுத்தி ‘வணக்கம் சார்’ என்பார்கள். அந்த மரியாதைக்குப் பழகிப்போனேன். அது இல்லாமல் இருக்க முடியாதவனாகவும் ஆனேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

காகித விஷயத்தில் நான் நேர்மையானவன் என்று பெயர் எடுத்தவன். நான் பிறந்தது 1952-ல், திருத்தணி தாலுகாவில் ஒரு கிராமத்தில். அப்போது அது சென்னை மாநிலத்துச் சித்தூர் மாவட்டம். அடுத்த ஆண்டு ஆந்திர மாநிலம் பிரிந்தபோது எங்கள் ஊர் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முதலானோர் போராடி, படாஸ்கர் தீர்ப்பு வந்து, 1960 ஏப்ரல் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்தோம். எங்கள் வயதுக்காரர்களின் பழைய காகிதங்களில் ஒன்றில் சித்தூர், ஒன்றில் செங்கல்பட்டு, புதியதில் திருவள்ளூர் என்று மாவட்டம் மாறி மாறி இருக்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது இதற்கெல்லாம் விளக்கக் கடிதம் எழுதி இணைத்தேன். மகனின் பிறப்புச் சான்றிதழில் என் மனைவி பெயரில் ஓர் எழுத்து வேறாக இருந்தது. அதற்கு நோட்டரியிடம் போய்ப் பிரமாணப் பத்திரம் வாங்கினேன். ஓர் எழுத்துக்கு அவ்வளவு பாடுபட்டவன், என் உடம்பைப் பற்றிக் கேட்டபோது வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

விசா விவரத்தையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் செய்ததன் அளவு உங்களுக்குத் தெரியாது. கனடாவில் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள ஒரு திட்டம் உண்டு. 2020-ல் விருப்பப் படிவம் கொடுத்தவர்களின் பட்டியலிலிருந்துதான் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் குலுக்கிப்போட்டு அழைத்தார்கள். என் மகனுக்கு நிரந்தர வாழ்வுரிமை வந்தது அதற்குப் பிறகு. பட்டியலில் அவன் பெயர் இல்லை. மிச்சமிருந்தது சூப்பர் விசா. 2011 கடைசியில் கொண்டுவந்தது. 2022 ஜூலையிலிருந்து ஒருமுறை உள்ளே போனால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். ஆனால் அது வருகையாளர் விசாதான். அந்த நாட்டுக்காரர்களுக்கு உள்ள அரசு மருத்துவம் நமக்குக் கிடையாது. ஆகவே ஒரு நிபந்தனை. குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு, குறைந்தது ஓராண்டுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பிள்ளையின் வருமானமும் ஒரு வரம்புக்கு மேல் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் வரப்போகிற பெற்றோரையும் குடும்பத்தில் சேர்த்தே எண்ணுவார்கள். அந்த வரம்பைத் தாண்ட என் மகன் சனி ஞாயிறுகளிலும் வேலைக்குப் போனான்.

2023 ஆடிக் கிருத்திகை. ஊரே காவடியாக இருந்தது. சரவணப் பொய்கையில் காலை நனைத்துவிட்டு நானும் மனைவியும் படியேறினோம். முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் மாதம் தவறாமல் ஏறியவன் நான். அன்று பாதிகூட ஏறவில்லை. நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவதுபோல் இருந்தது. ஓரமாக உட்கார்ந்தேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். “என்னங்க ஆச்சு?” என்றாள் மனைவி. வெயில் என்றேன். இதுதான் முதல் பொய்.

இரண்டு நாள் கழித்து, பென்ஷன் வேலை என்று சொல்லிவிட்டுத் தனியாக அரக்கோணம் போனேன். மருத்துவர் ஈசிஜி எடுத்தார். “ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துடலாம் சார், தள்ளிப் போடாதீங்க” என்றார். ஆஸ்பிரின், கொழுப்புக்கு ஒரு மாத்திரை, வலி வந்தால் நாக்கடியில் வைக்கச் சார்பிட்ரேட் எழுதிக் கொடுத்தார். மாத்திரைகளை மனைவியின் கைப்பையில் போட்டு வைத்தேன். வாயுத் தொல்லைக்கு என்றேன். அவள் நம்பினாள். நான் சொன்னதை நம்புவது அவளுக்கு வழக்கம்.

அந்த வாரமே காப்பீட்டுக்கான அழைப்பு வந்தது. மகனும் முகவரும் ஒரே வாட்ஸ்அப் அழைப்பில் இருந்தார்கள். முகவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். கேள்வித்தாளை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். “ஐயா, கடைசி ஆறு மாசத்தில புதுசா ஏதும் மருந்து தொடங்கினீங்களோ? நெஞ்சுநோ எண்டு டொக்டரிட்டப் போனீங்களோ? டெஸ்ட் ஏதும் செய்யச் சொன்னவையோ?”

“இல்லம்மா” என்றேன்.

அவர் உடனே அடுத்த கேள்விக்குப் போகவில்லை. “யோசிச்சுச் சொல்லுங்கோ ஐயா. இருந்தாலும் பரவாயில்லை. அதுக்கெண்டு வேற பாலிசி இருக்கு. கொஞ்சம் பொறுக்க வேண்டி வரும், காசு கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான்” என்றார்.

மருந்துச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. எதிரே மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரையில் மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்ல அதைவிட எளிதான நேரம் யாருக்கும் வாய்க்காது. அந்தப் பெண் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். “யோசிக்க ஒண்ணுமில்லம்மா. சுகர் மட்டும்தான். அதுவும் கட்டுக்குள்ள இருக்கு” என்றேன். குரல் நடுங்கவில்லை. வகுப்பில் பாடம் நடத்துகிற குரல் அது.

ஏன் சொன்னேன்? மகனுக்குச் செலவு கூடுமே என்றுதான் மறைத்தேன் என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. அந்த நேரத்தில் செலவு என் நினைவிலேயே இல்லை. என்னோடு ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் மகளைப் பார்க்க சிட்னி போய் வருகிறவர். அவர் முகம்தான் நினைவில் இருந்தது. டீக்கடையில், பஜாரில், பென்ஷனர் சங்கத்தில் எல்லாம் “கனடா போறேன்” என்று சொல்லி முடித்திருந்தேன். “என்ன சார், போகலையா?” என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? நெஞ்சு வலி என்று சொல்லி நோயாளியாக ஊருக்குள் நடப்பதா? அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். ஆஞ்சியோவுக்கும் பயந்தேன். பெருமையும் கோழைத்தனமும் சேர்ந்து அந்த ‘இல்லை’யைச் சொல்லவைத்தன.

அடுத்ததெல்லாம் தானாகவே நடந்தது. செப்டம்பரில் பழைய மாணவர்கள் ஃபிளெக்ஸ் வைத்துப் பாராட்டினார்கள். நானும் மேடையேறி உண்மையின் உயர்வைப் பற்றிப் பேசினேன். சென்னையில் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை. மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் எடுத்தார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. இதய நோய் உண்டா என்று கேட்டார்கள். அங்கும் இல்லை என்றேன். ஆண்டுக் கடைசியில் விசா வந்தது. பொங்கல் முடிந்து கிளம்பினோம்.

மகன் வீடு பிராம்ப்டனில். மருமகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த நேரம். அவளுக்கு ஒத்தாசையாகத்தான் எங்களை அழைத்திருந்தான். பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் என் மனைவி. ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அந்தக் குளிரில் அவள் தடுமாறுவாள், நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தேன். நடந்தது வேறு. வெளியே போனால் என்னை யாரும் சார் என்று கூப்பிடவில்லை. நான் சன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் ஊர்ச் செய்தி பார்த்தேன். அவள் பேத்தியைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடப் பழகினாள். அடுத்த வீட்டு பஞ்சாபி அம்மாளோடு கையாலும் சிரிப்பாலும் பேசினாள். ஸ்கார்பரோவில் கந்தசாமி கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு யாழ்ப்பாணத்து அம்மாளோடு சிநேகமாகி, செவ்வாய்க்கிழமைதோறும் போனில் பேசிக்கொண்டார்கள். குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் தூங்க வைப்பாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. என்னால் அவளுக்கு என்ன போயிற்று என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு மாலை வலி ஆரம்பித்தது. அப்போதும் சொல்லவில்லை. ராத்திரி வியர்த்துக் கொட்டி விழுந்த பிறகுதான் வீடு அறிந்தது. மருமகள் கைக்குழந்தையோடு நின்று ஆம்புலன்சை வரவழைத்தாள். மருத்துவமனையில் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். மனைவி பதறிப்போய்க் கைப்பையைக் கவிழ்த்தாள். அந்த மாத்திரை அட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். உண்மையில் எதற்கான மாத்திரை என்று அவளுக்குத் தெரியாது. அவள் கொடுத்ததால் மருத்துவர்களுக்கு விஷயம் புரிந்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தேன்.

அந்த அட்டைகள் மருத்துவமனைக் குறிப்பில் ஏறின. காப்பீட்டுக்காரர்கள் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கினார்கள். ஊர் மருத்துவரின் சீட்டையும் கேட்டார்கள். பயணத்துக்கு முந்தைய மாதங்களில் தொடங்கிய மருந்தையும், செய்யச் சொல்லியும் செய்யாத பரிசோதனையையும் மறைத்ததால் பணம் தர முடியாது என்று கடிதம் வந்தது. அவர்கள் மேல் தவறில்லை. கேட்டார்கள், நான் இல்லை என்றேன்.

கடிதம் வந்த அன்று கட்டிலில் படுத்திருந்தேன். அடுத்த அறையில் மகன் குரல் கேட்டது. “மாத்திரை உன் பையிலதானேம்மா இருந்தது. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” அவள் சொன்ன பதில் மெதுவாகக் கேட்டது. “வாயுவுக்குன்னு நெனச்சேம்பா.” அவன் நம்பவில்லை. அப்பாவைக் காப்பாற்ற அம்மா மறைக்கிறாள் என்று நினைத்தான். அதுவரை அவன் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை.

எனக்கு விழிப்பு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்து ‘அவளுக்கு ஒன்றும் தெரியாதுப்பா, நான்தான் பொய் சொன்னேன்’ என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கடைசியில் மிச்சமிருந்தது மகன் முன்னால் அப்பா என்கிற மதிப்பு ஒன்றுதான். அதைக் காத்துக்கொள்ள அவளை விட்டுக்கொடுத்தேன். காப்பீட்டுக்காரரிடம் சொன்ன பொய்யைவிட இந்த மௌனம் பெரிய குற்றம். அந்தப் பொய்யைச் சொன்னபோது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பேசாமல் படுத்திருந்தபோது எல்லாம் தெரிந்துதான் படுத்திருந்தேன்.

வீடு வாங்க மகன் சேர்த்து வைத்திருந்த முன்பணம் முழுக்க மருத்துவமனைக்குப் போனது. போதாததற்குக் கடன் வாங்கினான். குழந்தையோடு ஒன்றரை ஆண்டு வீட்டிலிருக்கத் திட்டமிட்டிருந்த மருமகள் பாதியிலேயே வேலைக்குப் போனாள். ஒருநாள்கூட என்னை ஒரு சொல் சொன்னதில்லை. காப்பீட்டின் ஓராண்டு முடிவதற்குள் திருத்தணி திரும்பினோம். ஸ்டென்ட் வைத்தவனுக்குப் புதிதாகக் காப்பீடு எடுக்கக் கேட்ட தொகை என் மகனால் கட்டக்கூடியதாக இல்லை. கிளம்புகிற அன்று பேத்தி பாட்டியின் புடவையை விடவேயில்லை.

ஊருக்கு வந்த பிறகுதான் மகனிடம் உண்மையைச் சொன்னேன். நேரில் இல்லை, போனில். ரொம்ப நேரம் அவன் பேசவில்லை. பிறகு, “அம்மாகிட்டக் குடுங்கப்பா” என்றான். அவளிடம் மன்னிப்புக் கேட்டு அழுதான். என்னிடம் இப்போதும் பேசுகிறான். மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறான். வேறு பேச்சு எங்களுக்குள் குறைந்துவிட்டது.

திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் அரக்கோணத்திலும் இன்று எத்தனையோ வீடுகளில் இந்தப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மருந்துச் சீட்டை முதலில் பிள்ளையிடம் காட்டுங்கள். வைத்தியம் பார்த்துக்கொண்டு, காப்பீடு கேட்கிற மாதங்கள் வரை பொறுத்துப் போனால் ஊரில் யாரும் நம்மைக் குறைவாக நினைக்கப்போவதில்லை. நினைத்தால்தான் என்ன?

இன்னும் ஒன்று பாக்கி. என் மனைவியின் விசா இன்னும் செல்லும். அவளுக்கு நோய் ஒன்றும் இல்லை. அவளுக்கு மட்டும் காப்பீடு எடுத்து அழைத்துக்கொள்ள மகன் தயாராக இருக்கிறான். ‘நீங்க தனியா எப்படி இருப்பீங்க’ என்று அவள் மறுக்கிறாள். ஆனால் பேத்தியின் வீடியோ அழைப்பு முடிந்ததும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் இருந்துகொள்வேன், நீ போய் வா என்று சொல்ல வேண்டியவன் நான். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. இதுவரை சொல்லவில்லை.