முழு மிளகாயில் ஒரு சட்டி சில்லி

சில்லியில் பீன்ஸ் போடலாமா என்று டெக்சஸ்காரரிடம் கேட்டால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். அவர்கள் கணக்கில் சில்லி என்றால் மாட்டுக்கறியும் மிளகாயும்தான். 1967இல் டெர்லிங்குவா என்ற பாலைவனச் சிற்றூரில் தொடங்கிய சில்லிப் போட்டியில் இன்றும் பீன்ஸுக்கு இடமில்லை. ஹூஸ்டனில் குடியிருக்கும் எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. நான் கட்சி கட்டுவதெல்லாம் முழு மிளகாய்க்காகத்தான்.

மெக்சிகன் கடையில் ஆஞ்சோ என்று கேட்டால் தருவார்கள். பொப்லானோ மிளகாயைச் செடியிலேயே பழுக்கவிட்டுக் காயவைத்தது. உள்ளங்கை அகலம், கறுத்த சிவப்பு, சுருங்கிய தோல். பிய்த்து முகர்ந்தால் உலர்திராட்சை வாசம். நம் வரமிளகாயின் காரம் இதில் இல்லை, அதனால் தாராளமாகப் போடலாம். ஒரு கிலோ கறிக்கு ஆறு ஆஞ்சோவும், குவாஹியோ என்ற இன்னொரு மெக்சிகன் வரமிளகாய் நாலும் எடுத்து, காம்பும் விதையும் நீக்கி, வெறும் வாணலியில் புரட்டுவேன். வாசம் எழும்பியதுமே இறக்கிவிட வேண்டும். கருகினால் சட்டி முழுக்கக் கசக்கும். வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, அரைத்து வடிகட்டினால் வழவழவென்று செங்காவி நிறத்தில் விழுது இறங்கும். இந்த மணத்தை எந்தத் தூளும் தந்ததில்லை.

தூள் வந்ததும் இந்த மண்ணில்தான். நியூ பிரான்ஃபெல்ஸில் வாழ்ந்த வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890களில் மிளகாயைத் தூளாக்கி விற்க, அவர் பெயர் ஒட்டிய புட்டி நாடெங்கும் போனது. ஆனால் ஊருக்கு இந்த ருசியைப் பழக்கியவர்கள் சான் அன்டோனியோவின் மெக்சிகப் பெண்கள். பொழுது சாய்ந்ததும் சதுக்கங்களில் நீள மேசை போட்டு, விளக்கேற்றி, சுடச்சுடச் சில்லி பரிமாறினார்கள். ‘சில்லி ராணிகள்’ என்று ஊரே அழைத்தது. 1893இல் சிகாகோவின் உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ பெயரிலேயே சில்லிக் கடை வைத்தார்கள். அப்புறம் 1930களில் சுகாதார விதியைக் காட்டி அந்தப் பெண்களைச் சதுக்கங்களிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். 1977இல் டெக்சஸ் சட்டமன்றம் சில்லியை மாநில உணவாக அறிவித்தது. சமைத்தவர்களை விரட்டிவிட்டுச் சமையலுக்கு மாலை போட்டதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கறிக்கு வருவோம். மாட்டின் தோள்பட்டைப் பகுதி போதும், சக் என்பார்கள், விலையும் குறைவு. கொத்துக்கறி வேண்டாம். சிறு துண்டங்களாக நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க வறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டு, வறுபடாமல் வெந்துவிடும். பிறகு வெங்காயம், பூண்டு, வறுத்து இடித்த சீரகம், மிளகாய் விழுது, உப்பு, மூழ்குமளவு தண்ணீர்.

ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் கறி ரப்பராக இழுக்கும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டிவிடாதீர்கள். தோள்பட்டைக் கறியில் சவ்வு அதிகம். தளதளவென்று கொதிக்கவிடாமல் இரண்டரை, மூன்று மணி நேரம் சிறுதீயில் விட்டால் அது கரைந்து ஜெலட்டினாகும். குழம்புக்குக் கனம் வருவது அதனால்தான். போதாவிட்டால் மாசா என்ற மக்காச்சோள மாவைக் கொஞ்சம் கரைத்து ஊற்றலாம். அன்றைக்கே சாப்பிடலாம், தப்பில்லை. ஆறவைத்து ஃபிரிட்ஜில் எடுத்துவைத்தால் காலையில் மேலே செந்நிறக் கொழுப்பு உறைந்திருக்கும். வேண்டிய அளவு வழித்துவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள், மிளகாய் கறியின் உள்வரை இறங்கியிருக்கும். விருந்தாளி வருகிறார்கள் என்றால் முதல் நாளே வைத்துவிடுவேன்.