பெஞ்சுக்குப் பெஞ்சு ஒரு விடுமுறை

ஜூன் விடுமுறைக்கு மன்னார்குடியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள் என்று உறுதியானதுமே நான் அட்டவணை போட உட்கார்ந்துவிட்டேன். வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. எத்தனை மணிக்குப் பாட்டு, எத்தனை நொடி விளம்பரம், எப்போது செய்தி என்று எழுதிப் பழகிய கை, வீட்டு விடுமுறையையும் அப்படியே எழுதித் தள்ளியது. ஆறு நாள், பதினோரு இடம்.

முதல் நாளே அட்டவணை கவிழ்ந்தது. பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் போயிருந்தோம். உச்சி வெயிலில் நீண்ட வரிசை. ஐந்து வயது மகள் தூக்கிக்கொள்ளச் சொல்லி அழுதாள். எட்டு வயது மகன் ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்பதை ஆங்கிலத்தில் இருபது தடவை கேட்டான். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு ஈசூன் வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் தடம் அப்படியே பதிந்திருந்தது.

“ஏம்மா அங்கேயே சொல்லல?”

“நீ லீவு போட்டு, அவ்ளோ காசு குடுத்து டிக்கெட் எடுத்திருக்க. எங்களால கெட்டுப்போகணுமா?”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆசையாக அழைத்து வந்தவர்களைச் சுமை என்று நினைக்க வைத்துவிட்டேனே என்றிருந்தது.

மறுநாள் காலை, கோப்பியை ஆற்றிக்கொண்டே அப்பா கேட்டார். “ஏம்மா, நேவல் பேஸ் இங்கேருந்து எவ்ளோ தூரம்?”

என் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, 1950களில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி சிங்கப்பூர் வந்தவர். செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். அப்பாவுக்குத் தன் அப்பா என்றால் பெரும்பாலும் மணியார்டரும் கடிதமும்தான். 1971இல் பிரிட்டிஷ் படை இங்கிருந்து விலகிக்கொண்டபோது தாத்தாவும் ஒரு தகரப் பெட்டியுடன் ஊர் திரும்பிவிட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். எட்டு வருடமாக அந்த இடத்துக்குப் பக்கத்துப் பேட்டையில் குடியிருக்கிறேன். ஆனால் அட்டவணையின் பதினோரு இடங்களில் அது இல்லை.

அட்டவணையைக் கிழித்தேன். இனி பெருவிரைவு ரயிலில் நகரத்துக்குள் போவதில்லை, வடக்கிலேயே சுற்றுவது என்று முடிவானது.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. எழுபது வயதுக்காரர்களும் ஐந்து வயதுக்காரர்களும் ஒரே கடிகாரத்தில் ஓடுகிறவர்கள். இருவரும் விடியும் முன்பே எழுந்துவிடுகிறார்கள். இருவருக்கும் பத்து மணிக்குள் பசி, மதியம் தூக்கம், மாலையில் மறுபடி உற்சாகம். இடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கெடுப்பது முப்பது வயதுக்காரர்கள்தான். ஜூன் மாதத்தில் இங்கே ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வரும். ஏழுக்குக் கிளம்பினால் பத்துக்குள் வீடு. சில நாள் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும். அன்று புளோக்கின் கீழ்த்தளத்தில் பல்லாங்குழி. அம்மா ஊரிலிருந்து புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தார்!

முதல் நடை ஈசூன் குளத்தைச் சுற்றி. கூ டெக் புவாட் மருத்துவமனையை ஒட்டிய குளம் அது. பாதை சமதளம், நிழல் உண்டு, முக்கியமாக பெஞ்சுகள் உண்டு. ‘பெஞ்சுக்குப் பெஞ்சு’ விளையாட்டை அம்மாதான் கண்டுபிடித்தார். அவர் ஒரு பெஞ்சில் உட்கார்வார். பிள்ளைகள் அடுத்த பெஞ்சுவரை ஓடி, வழியில் பார்த்த ஏதாவது ஒன்றைத் தமிழில் வந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் அம்மாச்சி எழுந்து அடுத்த பெஞ்சுக்கு வருவார். பிள்ளைகளுக்கு மூன்று மடங்கு ஓட்டம், அம்மாவுக்குத் தேவையான ஓய்வு. மகன் ஓர் உடும்பைப் பார்த்துவிட்டு வந்து, பெயர் தெரியாமல் “பெரிய... பெரிய பல்லி!” என்று திணறினான். “உடும்புடா” என்றார் அப்பா. நாள் முழுக்க அந்தச் சொல் வீட்டில் ஓடியது.

ஊர்ப் பெயரை அப்பாவுக்கு விளக்கினேன். ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும் பணம் சேர்த்த லிம் நீ சூன் என்பவரின் பெயரால் இது நீ சூன். அதே சீன எழுத்துகளை மாண்டரினில் படித்தால் ஈசூன். “திருச்சிராப்பள்ளிய வெள்ளக்காரன் ட்ரிச்சினாபொலி ஆக்குன மாதிரியா?” என்றார். கிட்டத்தட்ட.

செம்பவாங் வெந்நீரூற்றுக்கு 858 பேருந்து. 1909இல் கண்டறியப்பட்ட ஊற்று. ஒரு காலத்தில் இந்தத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றிருக்கிறார்கள். 2020இல் பூங்காவாக மறுபடி திறந்தார்கள். ஊற்றில் வெப்பம் ஏறக்குறைய 70 டிகிரி. அது தொட்டி தொட்டியாக இறங்கி ஆறி, கால் வைக்கும் குளத்துக்கு வருகிறது. சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். வீட்டிலிருந்து முட்டையும் மூடி போட்ட பாத்திரமும் எடுத்துப் போங்கள், வேகவைக்கத் தனி இடமே இருக்கிறது. அரைமணிக்கு மேல் காத்திருந்து உடைத்தால் மஞ்சள் கெட்டியாகிவிட்டது, வெள்ளை தளதளவென்று கிடந்தது. வெள்ளைக்கரு முழுதாகக் கெட்டிப்பட அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். அம்மாவுக்கு முட்டை பிடிக்கவில்லை. ஆனால் வெந்நீரில் காலை வைத்தவர் ஒரு மணி நேரம் எடுக்கவில்லை. பக்கத்தில் கால் நனைத்திருந்த சீனப் பாட்டியும் அவரும் முழங்காலைத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். எந்த மொழியில் என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். ஈசூன் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் இந்தக் கோயில், கேன்பரா ரோட்டுப் பக்கம் 1960களில் ஒரு மரத்தடியில் கடற்படைத் தளத் தொழிலாளர்கள் தொடங்கிய வழிபாட்டிலிருந்து வந்தது. இங்கே நடக்கும் பங்குனி உத்திரக் காவடிகள் பலருக்கும் தெரிந்திருக்கும். பிரகாரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் அப்பா பேச்சுக் கொடுத்தார்.

“எங்கப்பா பேஸ்ல வேல பாத்தவரு.”

“அப்படியா! எந்த லைன்ல இருந்தாரு?”

அப்பாவுக்குத் தெரியவில்லை. பெரியவர் இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தெரியாது என்ற ஆட்டல்தான். “லைன் வீடெல்லாம் இடிச்சாச்சுங்க. ஆனா இந்த முருகன அவரு கும்பிட்டிருப்பாரு” என்றார் பெரியவர். அப்பா மறுபடி சன்னதிக்குள் போனார். வெளியே வர நேரமானது. நானும் கூப்பிடவில்லை.

மறுநாள் செம்பவாங் நிலையத்திலிருந்து 882 பிடித்து செம்பவாங் பூங்காவுக்குப் போனோம். சுற்றுவட்டாரத் தெருப் பெயர்களே ஒரு பழைய உலகப் படம்: ஜிப்ரால்டர், மால்டா, ஆக்லாந்து, வெலிங்டன். 1938இல் அந்தத் தளம் திறந்த சாம்ராஜ்யம் போய்விட்டது, பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. பூங்காவில் போர்க்கப்பல் வடிவில் விளையாட்டுத்திடல் உண்டு. பிள்ளைகள் அதில் ஏறியதும் இறங்கவேயில்லை. கொஞ்சம் தள்ளிப் பழைய படகுத்துறை, மீன்பிடிப்பவர்கள். எதிரே ஜொகூர்.

அப்பா அந்தத் துறையின் நுனிவரை நடந்தார். பின்னாலேயே போனேன்.

“ஒரு கடுதாசியில எழுதியிருந்தாரும்மா. வேல முடிஞ்சு கடலோரம் போனா எதிர்ல வேற ஊரு வெளக்குத் தெரியும், அத நம்ம ஊரு வெளக்குன்னு நெனச்சுக்குவேன்னு. நான் கதைன்னுதான் இருந்தேன்.”

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எங்களையெல்லாம் மறந்துட்டாருன்னு சின்ன வயசுல ரொம்பக் கோவம் எனக்கு.”

மகன் வேர்த்து வழிய ஓடிவந்தான். “தாத்தா, உங்க அப்பா இங்க வேலை செஞ்சாங்களா? கப்பல்லயா?” அப்பா அவன் உயரத்துக்குக் குனிந்து கதையைத் தொடங்கினார். அன்று பத்து மணிக்கு வீடு திரும்பும் விதியை நாங்களே மீறினோம். அம்மாவுக்கு நிழலில் நல்ல பெஞ்ச் கிடைத்திருந்தது.

ஊர் திரும்பும் நாளன்று டாக்சி சொல்லியிருந்தேன். அப்பா கேட்டார், “அந்த 858 ஏர்போர்ட்டுக்கும் போகும்னு போட்டிருந்துச்சே?” போகும். ஆனால் சுற்றிப் போகும். பெட்டிகளோடு அம்மாவும் மகளும் நானும் டாக்சியில் போனோம். அப்பாவும் மகனும் பேருந்தில். சாங்கியில் நாங்கள் நெடுநேரம் காத்திருந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். கதவைத் தாண்டியதும் மகன் தங்கையிடம் ஓடினான். “ரஜூலா கப்பல்ல எத்தனை நாளு தெரியுமா உனக்கு?”