சிறுதேரும் பிந்தியவனும்

பட்டினப்பாலையில் ஒரு சிறு காட்சி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் தானியம் உலர்கிறது. அதனைக் கொத்த வந்த கோழியை விரட்ட, அவ்வீட்டுப் பெண் தன் காதணியைக் கழற்றி எறிகிறாள். விழுந்த அணி, சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. ஊரின் செல்வச் செழிப்பைக் காட்டவே உருத்திரங்கண்ணனார் இதனைப் பாடினார். எனினும், ஓடும் தேர், வழியில் கிடக்கும் தடை, அதைக் கடந்தாக வேண்டிய சிறுவர் என்னும் மூன்றையும் தனியே பிரித்துப் பார்த்தால், காட்சி சங்க காலத்ததாகத் தோன்றாது. இன்று பினாங்கு ஜார்ஜ்டவுனின் அடுக்குமாடி வீடுகளில், தொலைக்காட்சித் திரையின் முன் அமர்ந்து சிறுவர் ஆடுவதும் இதையேதான். காதணி கிடந்த இடத்தில் வாழைப்பழத் தோல் கிடக்கிறது, வேறுபாடு அவ்வளவே.

குழந்தையின் விளையாட்டைத் தமிழ்ப் புலவர் இழிவாக எண்ணினாரல்லர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவத்திற்குச் சிறுதேர் என்றே பெயர். தச்சன் செய்து தந்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல இயலாவிட்டாலும், அதனைக் கையால் இழுத்தே களிக்கும் சிறுவரைக் குறுந்தொகைப் புலவர் தும்பிசேர்கீரனார் உவமையாக்கினார். ஏறிச் செல்லாத தேரில் என்ன இன்பம் என்று கேட்போர்க்கு அவ்வுவமையே விடை. திரையில் ஓடும் வண்டியிலும் எவரும் ஏறிச் செல்வதில்லை. இன்பம் கையில் இருக்கிறது. அருகில் இருப்பவனின் கூச்சலில் இருக்கிறது.

இன்றைய இச்சிறுதேருக்கு மாரியோ கார்ட் என்று பெயர். 1889இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் பூச்சீட்டுகள் செய்யத் தொடங்கிய நிண்டெண்டோ நிறுவனம், 1992இல் இதனை முதன்முதலாக வெளியிட்டது. அதற்குமுன் அது வெளியிட்டிருந்த எஃப்-ஸீரோ என்னும் பந்தய ஆட்டத்தை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஆட முடிந்தது. இருவர் ஒன்றாக ஆடும் பந்தயம் வேண்டும் என்ற எண்ணமே புதிய ஆட்டத்திற்கு வித்தாயிற்று. திரையை இரண்டாகப் பகுத்து, இருவரை ஒரே இருக்கையில் அமர வைத்தனர். 1996இல் வந்த பதிப்பில் நால்வர் ஆடினர். 2005இல் அது இணையத்தை எட்டியது. 2017இல் வந்த பதிப்பில் 12 பேரும், 2025இல் வந்த பதிப்பில் 24 பேரும் ஒரே பந்தயத்தில் ஓடலாம். தோழமைக்காகப் பிறந்த விளையாட்டு இது என்பதை மறத்தலாகாது.

ரைபிள் ரேஞ்சு அடுக்குமாடியில் ஒரு வீடு. சனிக்கிழமை மாலைகளில் அங்கு நான்கு சிறுவர் கூடுவர். மூவர் விரல்கள் மின்னலாய் இயங்கும். நான்காமவனோ எப்போதும் கடைசி. பள்ளியிலும் அவன் நிலை அதுவே. குறைநீக்கல் வகுப்பில் அமர்பவன். வாசிக்கச் சொன்னால் நூலைப் பார்ப்பான், ஆசிரியரைப் பார்ப்பான், பின் தரையைப் பார்ப்பான். காற்பந்தில் அவனை இறுதியாகவே அணியில் சேர்ப்பர். ஆயினும் இவ்விளையாட்டை விட்டு அவன் எழுந்து போனதில்லை. அதற்குரிய காரணம் விளையாட்டின் விதியிலேயே இருந்தது.

பாதையின் இடையிடையே கேள்விக்குறி பொறித்த பெட்டிகள் மிதக்கும். வண்டி அவற்றை மோதினால் ஒரு பொருள் கிடைக்கும். எல்லார்க்கும் ஒரே பொருள் கிடைப்பதில்லை. முன்னே ஓடுபவனுக்குப் பெரும்பாலும் வாழைப்பழத் தோலும் காசும் போன்ற எளிய பொருள்களே வாய்க்கும். பின்னே வருபவனுக்கோ விரைவூட்டும் காளான், எவராலும் தீண்ட முடியாத ஆற்றலைச் சிறிது நேரம் தரும் விண்மீன், மற்றவரை எல்லாம் குறுக்கிவிடும் மின்னல் ஆகியவை வாய்க்கும். முதலில் ஓடுபவனையே தேடிச் சென்று தாக்கும் நீல ஆமையோடும் உண்டு. வண்டி பள்ளத்தில் விழுந்தாலும் ஆட்டம் முடிந்துவிடாது. மேகத்தின்மேல் அமர்ந்த ஆமையொன்று வந்து, விழுந்தவனைத் தூக்கி மீண்டும் பாதையில் வைக்கும்.

ஒரு மாலை, வெற்றிக் கோட்டை எட்டும் நேரத்தில் முதல்வனை நீல ஓடு தாக்கியது. அவன் கருவியை மெத்தையில் எறிந்துவிட்டுச் சமையற்கட்டை நோக்கிக் கத்தினான்:

"முந்துகிறவனுக்கு அடி, பிந்துகிறவனுக்குப் பரிசா? இது என்ன நியாயம், பாட்டி?"

பாட்டிக்கு அவ்விளையாட்டின் பெயர்கூடத் தெரியாது. கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"அடுத்த சனிக்கிழமையும் உனக்கு விளையாட ஆள் வேண்டுமா, வேண்டாமா?"

அச்சிறுவனின் கேள்வி பொய்யன்று. உழைத்துப் பெற்ற முதலிடத்தை ஒரு நொடியில் இழப்பது வலிக்கும். ஆனால், அதே விதி திறமையை அழிப்பதுமில்லை. வளைவுகளை அறிந்தவன், தோலைத் தக்க இடத்தில் போடத் தெரிந்தவன், பல பந்தயங்களைக் கூட்டிப் பார்த்தால் முன்னேதான் நிற்கிறான். பிந்தியவனுக்கு விளையாட்டு வெற்றியைத் தருவதில்லை. வாய்ப்பை மட்டுமே தருகிறது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பாட்டி ஒரே கேள்வியில் உணர்த்திவிட்டார்.

இணையத்தில் காட்சி மாறுகிறது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் உலகத்தாரோடு ஆடப் புகுபவனுக்கு 1000 புள்ளிகள் தரப்படுகின்றன. வென்றால் அவை ஏறும், தோற்றால் இறங்கும். விதி அதுவேயானாலும் முகங்கள் இல்லை. தோல் வைத்தவனைப் பார்த்துச் சிரிக்க முடியாது. விழுந்தவன் முகம் வாடியதைக் காணவும் முடியாது. பிந்தியவன் போய்விட்டால் அவன் இடத்தில் வேறொருவன் வருவான். போனவனைத் தேடுவார் இல்லை. அடுத்த சனிக்கிழமையைப் பற்றி அங்கு எவருக்கும் கவலையில்லை.

அதற்காக இணையத்தை முற்றும் பழித்தலும் முறையன்று. அந்நான்காம் சிறுவனின் தந்தை சிங்கப்பூரில் வேலை செய்பவர். 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பாலத்தைக் கடந்து பினாங்குக்கு வரும் வழி அவருக்கு அடைபட்டது. கைப்பேசியில் ஆடும் மாரியோ கார்ட் டூர் 2019இல் வெளிவந்திருந்தது. பலர் சேர்ந்து ஆடும் வசதி 2020 மார்ச்சில்தான் அதற்கு வந்தது. இரவு எட்டு மணிக்குத் தாயின் கைப்பேசியில் தந்தையின் குரல் ஒலிக்கும். மற்றொரு கைப்பேசியில் பந்தயம் ஓடும். தந்தைக்கு இது புதிது. எட்டு வண்டிகளில் எட்டாவதாகவே அவர் வருவார்.

தன்னினும் பிந்திய ஒருவரை அச்சிறுவன் வாழ்வில் முதன்முறையாகக் கண்டான். அவன் நாவும் அன்று அவிழ்ந்தது. "அப்பா, அவசரப்படாதீங்க. முதலில் இடப்பக்கம் திரும்புங்க. பாலம் வரும். பாலத்துக்கு அப்புறம் பெட்டி இருக்கு, அதை எடுத்துட்டு நேராகப் போங்க" என்று ஒவ்வோர் இரவும் சொன்னான். முன்னது முன்னும் பின்னது பின்னுமாக, ஒரு சொல்லும் தடுக்காமல் சொன்னான்.

பள்ளி மீண்டும் திறந்தபின் தாயின் வழியாக இதனை அறிந்த தமிழாசிரியை, அவனிடம் பாடநூலை நீட்டவில்லை. "உன் அப்பாவுக்குச் சொன்ன வழியை எழுதித் தா" என்றார். முதல்நாள் நான்கு வரிகள் வந்தன. ஒற்றுப் பிழைகள் மலிந்திருந்தன. ஆனால், வரிசை பிறழவில்லை. ஆசிரியை பிழைகளைத் திருத்தி, அவ்வரிகளையே அவனை வாசிக்கச் சொன்னார். அவன் தரையைப் பார்க்கவில்லை. அவன் வகுப்பில் முதல்வனாகிவிடவில்லை. ஆனால், வாசிப்போர் வரிசையில் வந்து சேர்ந்தான். 2022 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை முழுமையாகத் திறந்தது. அவ்வாண்டில் சிங்கப்பூர்ப் பாதையொன்றும் அவ்விளையாட்டில் சேர்ந்தது. சிங்கமுகமும் மீனுடலும் கொண்ட சிலையைத் திரையில் கண்டபோது, அது தன் தந்தை இருக்கும் ஊர் என்று அவன் நண்பர்க்கு விளக்கினான்.

இவ்வளவையும் கொண்டு விளையாட்டே ஆசான் என்று முடிவு கட்டுதல் தவறு. உறக்கத்தைத் தின்னும் விளையாட்டும், வீட்டுப்பாடத்தை விழுங்கும் விளையாட்டும், அயலார் எவரென்று அறியாமல் பழக வைக்கும் விளையாட்டும் கேடே. காலவரையும் பெற்றோர் கண்காணிப்பும் இன்றேல் சிறுதேர் பெருஞ்சுமையாகிவிடும். அச்சிறுவனுக்கு எழுத்தைத் தந்தது விளையாட்டன்று. அவன் நா அவிழ்ந்த இடத்தைத் தேடிக் கண்ட ஆசிரியையே தந்தார்.

1816ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கம் என்று போற்றப்படுகிறது. இரு நூற்றாண்டுகளைக் கடந்து ஓடிவரும் இவ்வோட்டத்தில் முந்தியோரின் பெயர்கள் பள்ளிச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. பொறிக்கத்தான் வேண்டும். ஆனால், பள்ளத்தில் விழுந்து ஆட்டத்தை விட்டே போனவர் எத்தனை பேர் என்பதை எச்சுவரும் சொல்லாது. விழுந்தவனைத் தூக்கிப் பாதையில் வைக்கும் கடமையைப் பொழுதுபோக்குக்காகச் செய்த ஒரு விளையாட்டு மறவாதிருக்க, ஒரு வகுப்பறை மறக்கலாமா? கடைசி இருக்கையில் இருப்பவனுக்கும் ஒரு பெட்டி உண்டு. அதில் எதை வைப்பது என்பதுதான் ஆசிரியர் ஒவ்வொரு காலையும் எண்ண வேண்டுவது.